வலைக்கண்ணுக்கு நாலு பக்கம்

ஸ்ரீரங்கன் சாரின் மரஸ்கேல் நாலாவது அடியில் முறிந்தது. முறிந்த பாதி கரும்பலகைக்குக் கீழே போய் விழ, ஏஞ்சலின் விரல் முட்டியிலிருந்து ரத்தம் விடைத்தாளில் சொட்டியது. அந்தத் தாளில், சாய்சதுரத்துக்கு நேரே, 'ஒழுங்குப் பலகோணம்' என்று அவள் எழுதியிருந்தாள்.

"நாலு பக்கமும் சமம்னா போதுமாடி? கோணத்தை யாரு, உங்கப்பன் வந்து பார்ப்பானா? எத்தனை தடவை கத்திண்டே இருக்கறது! மீன் கூடை தூக்கற கைக்கு எதுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஏஞ்சலுக்குத் தான் செய்த தப்பு என்னவென்றே பிடிபடவில்லை. ஆறு வயதிலிருந்து அப்பனோடு உட்கார்ந்து வலை முடிகிறவள் அவள். ஒரே மூங்கில் துண்டில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு கண்ணுக்கும் நாலு பக்கமும் ஒரே அளவாக வந்துவிடும். அது சரியாக இருந்தால் வலை சரி. கோணம் என்று ஒன்று உண்டா என்று நொச்சிக்குப்பத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் வீட்டுக்குச் சோற்றுக்குப் போனபோது கையை மறைத்துத்தான் வைத்திருந்தாள். அப்பன் ராபர்ட்டின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"இன்னா பாப்பா கையில?"

சொன்னாள்.

"நாலு பக்கமும் சமமாத்தான கீது?"

"ஆமா நைனா."

"அப்பால இன்னாத்துக்கு அட்ச்சான்?"

ராபர்ட் எழுந்தான். வலைத் தகராறு ஒன்றில் கூட்டாளியின் தாடையையே உடைத்தவன். ஏஞ்சல் முடிந்து வைத்திருந்த வலையை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நைனா, வோணாம். டி.சி. குட்த்துத் தொரத்திருவாங்க. இன்னும் ரெண்டு வருசந்தான். பத்தாவது முட்ச்சிட்டா நர்சு வேலைக்குப் போய்டுவேன் நைனா!" லூப் ரோடு முழுக்க அவன் பின்னால் கெஞ்சிக்கொண்டே ஓடினாள்.

வகுப்பில் ஸ்ரீரங்கன் சார் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ராபர்ட் வலையை அதன்மேல் போட்டான்.

"யோவ் வாத்தி, அளந்து பாரு. நாலும் ஒண்ணா இல்லியா? எங்க உன் ஸ்கேலு?"

"வெளியில போய்யா முதல்ல. ஸ்கேல் உடைஞ்சு போச்சு."

"எம் பொண்ணு மேல ஒடஞ்ச ஸ்கேலா அது?"

அறைந்த அறையில் சாரின் மூக்குக் கண்ணாடி ஜன்னல் கம்பியில் மோதித் தெறித்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். எழப்போனவரின் தலையில் வலையைக் கவிழ்த்து ராபர்ட் கீழே இழுத்தான். நெற்றி மேசை விளிம்பில் மோதிக் கிழிந்தது. மண்டியிட்டு விழுந்தவரின் முதுகில் முட்டியை ஊன்றிக்கொண்டு, வலையைக் கழுத்தோடு சேர்த்து முறுக்கினான்.

"எம் பொண்ணு எய்துனது கரெக்ட்டுன்னு சொல்லுடா!"

"தப்பு..." சாரின் வாயில் ரத்தமும் எச்சிலும் கலந்து ஒழுகியது. "தப்புதான்... கோணம்..."

இன்னொரு குத்து. வராந்தாவில் யாரோ போலீஸ், போலீஸ் என்று கத்தினார்கள். ஏஞ்சல் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தின் மேல் வலைக்கண்கள் அகன்று, சதுரமாகவே விரிந்திருந்தன. தாடைக்குக் கீழே சாய்ந்திருந்தன. கழுத்தில், அப்பன் இழுத்த இழுப்பில், ஊசிக்காதுபோல் ஒடுங்கிவிட்டன. எல்லாம் அவள் கையால் போட்ட முடிச்சு. ஒரே மூங்கில் துண்டு, ஒரே அளவு. பக்கம் எதுவும் மாறவில்லை. மூலைகள்தான் மாறியிருந்தன.

ஓடிப்போய் அப்பனின் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"வுடு நைனா! சார் சொல்றதுதான் கரெக்ட்டு. நாந்தான் தப்பா எய்திட்டேன்!"

ராபர்ட் திரும்பி மகளைப் பார்த்தான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. வலையைப் பிடித்திருந்த கை மட்டும் இன்னும் தளரவில்லை. சாரின் கன்னத்தில் சதுரமாக விரிந்திருந்த வலைக்கண் ஒன்று அந்த இழுப்பில் மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.