அம்பர் மணத்த திங்கட்கிழமை

"இந்த சென்ட்டுக்குப் பேரு அம்பராம்," என்றாள் டோரீன். "மேடம் பாதி பூசிட்டு எனக்குக் குடுத்துட்டாங்க."

"என்னா வாசம்?" என்று கேட்டான் இராயப்பன்.

"எப்படிங்க சொல்றது? கோயில்ல சாம்பிராணி போட்டு, பக்கத்துல யாரோ கித்துள் வெல்லப்பாணி காய்ச்சினா எப்படி இருக்கும்? அப்படி. ஒடம்புச் சூடு படப்படத்தான் மணக்குமாம். தூரத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியாது, கிட்ட வந்தாத்தான் தெரியும்."

"அப்புறம் ஏன் குடுத்துட்டாங்க?"

"அது எல்லாத்தையும் உள்ளுக்குள்ள வெச்சிக்கிற ஆளுங்களுக்குத்தான் பொருந்துமாம். மேடம் பேசினா மூணு வீட்டுக்குக் கேக்கும்."

"நீ மட்டும் என்னா, ஊமையா?"

"எனக்குன்னு யாரு சொன்னா? ஒங்களுக்குத்தான் அனுப்பப் போறேன். ஒரு வார்த்தைக்கு மேல பேசினா வரி கட்டணும்னு நெனைக்கிற மனுஷன் நீங்கதானே!"

இரண்டு மாதத்துக்கு முந்தைய அந்தத் தொலைபேசிப் பேச்சு இராயப்பனுக்கு மனப்பாடமாகியிருந்தது. டோரீன் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடம். மகள் அனோஜாவைப் படிக்க வைக்கத்தான் போனாள். அந்த அனோஜாவும் ஜனவரியில் ஆசிரியர் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அவர்கள் வீட்டில் இப்போது இராயப்பன் மட்டும்தான். ஒருவனுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பது இன்னும் அவன் கைக்குப் பிடிபடவில்லை.

குவைத்தில் வேலை செய்யும் பொகவந்தலாவை நாகலெட்சுமி விடுமுறையில் வந்தபோது அந்தப் பாதிப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்று சனிக்கிழமை. அன்றைக்கே டோரீனும் அழைத்தாள்.

"மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. திங்கக்கெழம கையெழுத்து வெக்கணும். நீங்க என்னா சொல்றீங்க?"

"உன் இஷ்டம்."

"சரிங்க," என்று வைத்துவிட்டாள்.

வந்துவிடு என்று சொல்ல அவனுக்கு ஜனவரியிலிருந்தே ஆசைதான். தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சலில் எத்தனையோ தடவை உதட்டை அசைத்துப் பார்த்திருக்கிறான். சத்தம் வந்ததில்லை. அங்கே தனியாளாக நின்று உழைத்து மகளை ஆளாக்கியவளிடம், எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

ஞாயிறு பூசை முடிந்து வந்தான். வெளியே தூறல். போத்தலை எடுத்து சுவெட்டரின் நெஞ்சில் இரண்டு தடவை தெளித்துக்கொண்டான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பு மூட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, அவன் மார்பிலிருந்தே மெல்ல எழுந்து வந்தது. வீட்டுக்குள் இன்னொருவர் நடமாடுவது போலிருந்தது. தேநீர் ஊற்றினான். ஊற்றிய பிறகுதான் பார்த்தான், இரண்டு கோப்பைகள்.

மறுநாள் குளிருக்கு அதே சுவெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். இரவெல்லாம் போட்டுப் படுத்ததில் அவன் மூக்குக்கு அது பழகிப் போயிருந்தது. தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், அவன் தூள் சலிக்கும் சல்லடைப் பகுதியில் பூ வைக்கக்கூடாது, பவுடர் பூசக்கூடாது. இருபத்து மூன்று வருடமாக அவன் மணக்காத சவர்க்காரமாகத் தேடி வாங்குகிறவன்.

ஒன்பது மணிக்கு, தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் செல்லசாமி, சலித்த தூளை ஒரு கை அள்ளி மோந்தார். மறுபடி மோந்தார்.

"யாருப்பா இங்க கல்யாண வீட்டுக்குப் போற ஆளு?"

சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக நெருங்கியவர், இராயப்பனிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"நீங்களா? மத்தவங்களுக்குச் சட்டம் சொல்ற ஆளு! யாரு குடுத்தது?"

"வீட்ல, ஐயா."

"அடேயப்பா, வந்துட்டாங்களா?"

"இல்லைங்க."

"எப்ப வாறாங்க?"

ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை டோரீனிடம் இராயப்பன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

செல்லசாமி குரலைத் தணித்தார். "நீங்க சலிச்ச ரெண்டு மூட்டையையும் ஒதுக்கி வெக்கச் சொல்றேன். நீங்க வீட்டுக்குப் போங்க. நாளைக்கு வாங்க."

வேலை நாளில் காலைப் பத்து மணிக்கு லயம் எப்படி இருக்கும் என்று அவன் பார்த்ததே இல்லை. பெரியவர்கள் கொழுந்து பறிக்க மலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். வரிசையாகப் பூட்டிய கதவுகள். ஒரு கோழி மட்டும் வாசலில் நின்று அவனை அந்நியனைப் போலப் பார்த்தது. சுவெட்டரைத் துவைக்கக் கழற்றியவன், துவைக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். இத்தனை நாளில் அவன் பக்கத்தில் வந்து நின்று மோந்து பார்த்த ஒரே மனிதர் டீமேக்கர்தான், அதுவும் குற்றம் கண்டுபிடிக்க. அந்த நினைப்பில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

தொலைபேசியை எடுத்தான். எப்போதும் அவள்தான் அழைப்பாள்.

"என்னங்க? இந்த நேரத்துல? அனோஜாவுக்கு ஏதும்...?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. என்னை வேலையிலருந்து தொரத்திட்டாங்க."

"ஐயோ மாதாவே!"

"இன்னைக்கு மட்டுந்தான். உன் அம்பரப் பூசிட்டுப் போயிட்டேன். ரெண்டு மூட்டை தேத்தூள் மணக்குது."

டோரீன் வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் பாத்திரங்கள் மோதும் சத்தமும், யாரோ அவளைக் கூப்பிடும் சத்தமும் கேட்டன.

"இருபத்து மூணு வருஷம் கட்டிக் காத்த பேரு போச்சா! சரிங்க, மேடம் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு கட்டணும். சாயங்காலம் மேடத்தோட ஏஜென்சிக்குப் போறேன், கையெழுத்து வெக்க. போயிட்டு வந்து பேசவா?"

"டோரீன்."

"சொல்லுங்க."

அங்கே கூப்பிட்ட குரல் இரண்டாம் தடவை, இன்னும் உரக்கக் கூப்பிட்டது.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா?"

"கையெழுத்து வெக்காத," என்றான் இராயப்பன். "வந்துரு புள்ள. என்னால தனியா இருக்க முடியல."