கங்காணி தாளம் போட்ட கதை

சாஆ ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒருவர் ஆளை இன்னொருவர் கிளப்பிக்கொண்டு போவது சர்வசாதாரணம். அக்கரைத் தோட்டத்துக் கங்காணி வந்து ஒருவன் காதில் ரெண்டு வார்த்தை ஓதினால் போதும், மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் குறையும். காளியப்பக் கங்காணிக்குப் போன மாதம் மட்டும் நாலு பேர் குறைந்தார்கள். இன்னும் ஒருவன் போனால் கங்காணி வேலையே கிடையாது என்று துரை சொல்லிவிட்டார்.

அதனால்தான், அவர் ஆட்களான வீரமுத்துவும் ஐயாசாமியும் ரப்பர் பால் ஊற்றிய கையோடு புகைக்கூடத்துக்குப் பின்னால் நழுவியதும் அவர் பின்னாலேயே போனார். அவர்கள் கூடவே சைக்கிளில் துணி விற்கும் உதுமான், கையில் ஒரு மூட்டையோடு.

"என்ன நானா, எந்தத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறீங்க?"

"அலமாக், ஐயோ! என்கிட்ட கைலி வாங்கவே ஆளைக் காணோம், கங்காணியாரே."

மூட்டையைப் பிரித்தால் பழைய ஆர்மோனியம். துருத்திக் கிழிசலில் ஒட்டுப்பால் அப்பியிருந்தது.

"இது தோட்டத்து ஒட்டுப்பால்தானடா?"

"மரத்துல சும்மா காஞ்சு கெடந்துச்சு, கங்காணி" என்றான் வீரமுத்து.

"மரம் உங்கப்பன் வச்சதா?"

வீரமுத்து கட்டையை அழுத்தினான். பெட்டி, சளி பிடித்த ஆடு மாதிரி இருமியது. ஐயாசாமி மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினான். திருவிழாவுக்குப் பழகுகிறார்களாம்!

காளியப்பன் நம்பவில்லை. வாசிக்கத் தெரிந்தவனை எந்தத் தோட்டம் வேண்டாமென்னும்? கண்ணெதிரே வைத்துக் காப்பதே புத்தி. "தாளத்துக்கு ஆள் வேணுமில்ல?" என்று ஜால்ராவோடு உட்கார்ந்துவிட்டார். தாளம் தெரியாது. பெரட்டில் ஆள் எண்ணுகிற வேகத்திலேயே தட்டினார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

மூன்றாம் மாதம் அக்கரைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கே அழைப்பு வந்தது. போகாதே என்றால் கோபித்துக்கொண்டு ஓடிவிடுவான்கள். கூடவே போனார்.

பாட்டின் பாதியில் அந்தத் தோட்டத்துக் கங்காணி ஐயாசாமியின் காதருகே குனிந்தான். காளியப்பனுக்கு ரத்தம் கொதித்தது. எழுந்தால் தாளம் போகும், உட்கார்ந்தால் ஆள் போவான். எழத்தான் நினைத்தார்; கை தாளத்தை விடவில்லை. பாட்டு முடியும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னடா ஓதினான்?"

"தாளம் போடுறது யாருன்னு கேட்டான் கங்காணி. எங்க ஆளுன்னேன்."

காளியப்பன் அவன் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். மாட்டுவண்டி கிளம்பியபோது இருவரையும் உள்ளே தள்ளி, யாரும் குதிக்க முடியாதபடி பின்பலகையை அடைத்து உட்கார்ந்துகொண்டார்.