அழகுமீனாவின் பருத்திச் சேலை

1

“என் சேலையில விசம் இருக்குன்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு, மதினி?”

“நானா சொல்றேன்? பிள்ளை ரத்தத்துல ஈயம் இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. அந்தச் சேலை முந்தியத்தான் ஆறு மாசமா சப்பிக்கிட்டுக் கெடக்கான்!”

“அதுக்காகத் தொட்டிலை அறுத்துப் போடுவீகளா?”

“அறுத்தாச்சு!”

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். விருதுநகர்ப் பக்கம் எங்கள் தெருவில், அடுத்த வீட்டுப் பொன்மணியும் அவள் நாத்தனார் அழகுமீனாவும் கத்தியபோது நான் மதில் ஓரம் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். (துணியெல்லாம் காலையிலேயே எடுத்தாயிற்று. அங்கே நிற்க ஒரு காரணம் வேண்டுமே.)

2

முதலில் வேறு தொடக்கம் எழுதினேன்: ‘வானமெங்கும் வண்ணப் பூக்கள் சொரியும் இந்தக் கந்தக மண்ணில்—’

அடித்துவிட்டேன். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் வானத்தையே பார்க்கிறார்கள். நான் கொடிக்கயிற்றைப் பார்க்கிறவள்.

பட்டாசு ஷெட்டுக்கு நைலக்ஸ் சேலை கட்டிப் போகக்கூடாது. உரசினால் பொறி பறக்கும். பருத்திதான் கட்ட வேண்டும். ஆகவே எங்கள் வீடுகளில் பீரோ நிறையப் பளபளத்தாலும், பருத்தி என்றால் அது வேலைக்குக் கட்டுகிற சேலை மட்டும்தான். தொட்டிலுக்கும் பருத்திதானே வேண்டும்? துவைத்துத் துவைத்துப் பஞ்சாய்ப்போன தன் சேலையை, அண்ணன் பிள்ளை செழியனுக்கு அத்தைக்காரி அழகுமீனா ஆசையாய்த் தொட்டிலாகக் கட்டிவிட்டாள்.

அவள் வேலை பார்த்ததோ லைசென்ஸ் இல்லாத ஒரு ஷெட். படபடவென்று பொரிகிற வெடிக்கு, தடைசெய்த சிவப்பு ஈயப்பொடி கலக்கிற வேலை. துவைத்தாலும் முழுக்கப் போகாத பொடி. [இங்கே ரசாயனம் பற்றி ஒரு பத்தி இருந்தது. படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது.]

பிள்ளை வெளுத்தான், வாந்தி எடுத்தான், மலம் போகாமல் அழுதான். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப்போடச் சொன்னவள் யார் என்பது கதைக்கு அவசியமில்லை. (சரி, நான்தான்.)

3

அழகுமீனாவை வில்லியாக்கத்தான் நினைத்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. சண்டைக்கு நடுவிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“உனக்கும் வலிக்குதா? எம்புட்டு நாளா?” என்றாள் பொன்மணி.

“சூடு, மதினி. ஓமத்தண்ணி குடிச்சா சரியாயிரும்.”

“கிளம்பு. உனக்கும் ரத்தம் பாத்துருவோம்.”

“வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாராக! ரத்தத்துல ஈயம்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?”

“கட்டாட்டிப் போறான். நீ எந்திரி.”

எழுந்தவள் மதிலுக்கு மேல் என் தலையைப் பார்த்துவிட்டாள்.

“பெரியம்மா, இதைக் காரியாபட்டி மாப்பிள்ளை வீடு வரைக்கும் கொண்டுபோயிராதீக!”

“நான் என்னத்தக் கண்டேன்? துணி எடுக்க வந்தேன்.”

“கொடியில ஒண்ணுமே இல்லையே?”

4

பிள்ளையைவிட அவளுக்குத்தான் ஈயம் அதிகம். ஷெட்டை விட்டு நின்றாள். பொன்மணி புதிதாய்ப் பருத்தித் துணி வாங்கித் தொட்டில் கட்டினாள். நாலு மாதத்தில் செழியனுக்கு அளவு இறங்கியது. தவழ்ந்து வந்து என் அரிசிச் சட்டியைக் கவிழ்க்கிற அளவுக்குத் தேறிவிட்டான்.

மாப்பிள்ளை கோட்டைச்சாமிக்கும் விஷயம் தெரிந்தது. எப்படி?

ஒரு முடிவில், காபி டம்ளரை நீட்டிய கையோடு அழகுமீனாவே சொல்கிறாள். இன்னொன்றில் பொன்மணி தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறாள். மூன்றாவதில், பெரியம்மா ஒருத்தி காரியாபட்டிச் சந்தைக்குப் போன இடத்தில்—

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். பொன்மணி வீட்டார் என் மதில் எட்டாத சூலக்கரைக்குக் குடிபோனார்கள். ஆவணியில் கல்யாணமாகி அழகுமீனா காரியாபட்டிக்குப் போனாள். மூன்று மாதத்துக்கு ஒருதடவை ரத்தம் பார்க்கக் கோட்டைச்சாமிதான் பைக்கில் கூட்டிவருகிறார். டாக்டர் சரி என்கிற வரைக்கும் பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடலாம் என்றதும் அவர்தானாம். போன மாதம் டாக்டர் சரி என்றுவிட்டாராம்.