நோய்ப் பிரதேசம்

கண்ணீரஞ்சலிப் பதாகையில் கனகசிங்கத்தின் முகத்தைவிடத் தொண்டு நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருந்தது. அதன் ஒரு முனையை வேலிக் கம்பத்தில் இழுத்துக் கட்டிய உதயரூபன், மாமனாரின் முகம் மடிப்புக்குள் போய்விட்டதைக் கண்டு அவிழ்த்து மறுபடி கட்டினான். இப்போது முகம் தெரிந்தது. சின்னத்தின் பாதி மறைந்தது. நிறுவனத்து வாகனச் சாரதி பார்த்துக்கொண்டே நின்றதால் மூன்றாந்தரமும் அவிழ்க்க வேண்டியதாயிற்று.

பனிச்சங்கேணியில் மாமா கடற்றொழில் செய்தவர். சுனாமி தோணியைக் கொண்டுபோனபின் நிறுவனத்திடம் தோணி கேட்டு விண்ணப்பித்தார். தோணிக்கான ஒதுக்கீடு முடிந்திருந்தது, தேனீக்கான ஒதுக்கீடு மிச்சமிருந்தது. ஆகவே ஆறு தேன்பெட்டிகளைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சண்டைக்கு இடம்பெயர்ந்து திரும்பி வந்து, உக்காமல் மிஞ்சிய இரண்டு பெட்டிகளை மாமா மறுபடி ஆறாக்கினார். ஓட்டமாவடி ஹமீட் மோட்டார்சைக்கிளில் வந்து போத்தல் போத்தலாகத் தேன் வாங்கிப் போவார்.

உதயரூபன் அதே நிறுவனத்தில் வாழ்வாதார உத்தியோகத்தர். யுத்தம் முடிந்த கையோடு கொழும்பில் பத்து நாள் பயிற்சி பெற்றுவந்து, ‘புழு அழுகல் நோயும் உலக நாடுகளின் சட்டங்களும்’ என்று திரையில் படம் காட்டி ஒரு வகுப்பு எடுத்தான். தேனீயின் புழுக்கள் கூட்டுக்குள்ளேயே அழுகிச் சாகும் நோய் அது. இங்கிலாந்தில் பரிசோதகர் வந்து பெட்டியோடு எரிப்பார். நியூசிலாந்தில் மருந்து கொடுப்பதே குற்றம், எரிக்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் மருந்து கொடுப்பவர்களும் உண்டு. டென்மார்க்கில் தேனீக்களைப் புதுப் பெட்டிக்குள் உதறிவிட்டுப் பழைய அடைகளை அழிப்பார்கள். “மட்டக்களப்பில என்ன செய்வாங்க?” என்று பின்வரிசையிலிருந்து மாமா கேட்டார். அதற்கு உதயரூபனிடம் படம் இருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க அவனே மட்டக்களப்பின் பரிசோதகரானான்.

தை மாதம், மழை விட்டு ஒரு கிழமையில், வெள்ளைக்காரர் இருவர் திட்டம் பார்க்க வந்தார்கள். மாமாவின் பெட்டியொன்றைத் திறந்தபோது புழுக்கள் பழுப்பேறிக் கிடந்தன. உதயரூபன் நாலு நாட்டுச் சட்டத்தையும் ஆங்கிலத்தில் ஒப்புவித்தான். பெட்டி ஆறும் குழிக்குள் எரிந்தன. வெள்ளைக்காரர் படம் எடுத்தார்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து கொடுத்தவர் மாமாதான். வேலியில் ‘நோய்ப் பிரதேசம்’ என்று பலகை ஏறியது. மாமா வீட்டுத் தேனை அதன்பின் ஊரில் ஒருவரும் தொடவில்லை.

நாலு நாட்டுச் சட்டத்திலும் எரிப்பதற்கு முன்னால் ஒரு வரி உண்டு: முதலில் சோதித்து உறுதிசெய். வகுப்பில் அந்த வரியையும் அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். வெள்ளைக்காரர் முன்னிலையில்தான் மறந்துபோனான். அறிக்கைக்கு இணைப்பு ஒன்று தேவைப்பட்டதால் அடையில் ஒரு துண்டை வெட்டி வைத்து, எல்லாம் எரிந்து முடிந்தபின் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினான். மூன்று மாதம் கழித்து, போன கிழமை, பதில் வந்தது. நோய்க்கிருமி இல்லை. மழைக்குள் பட்டினி கிடந்து செத்த புழுக்கள். சீனிப்பாணி வைத்திருந்தால் போதும்.

மாமாவிடம் சொல்ல ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றுக் காலை மாமா கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இனிப் பிரேதம் மயானத்துக்குப் போகுமுன் ஊருக்காவது சொல்லிவிட வேண்டும். கடிதம் சட்டைப்பையில் வியர்வைக்கு நனைந்துகொண்டிருந்தது.

பந்தல் ஓரத்தில் ஹமீட் அவன் கையைப் பிடித்தார்.

“தம்பி, நான் பெரிய குத்தம் செஞ்சவன். பலகையக் கண்ட நாளையில இரிந்து இந்தப் பக்கம் வரல்ல. கனகசிங்கத்தார் என்ட வூட்ட தேடி வந்தார். ‘அது மனிசருக்கு ஒட்டாத நோய் ஹமீட், நாலு போத்தல் கிடக்கு’ எண்டார். நான் உள்ளுக்க இரிந்துக்கிட்டு, ஆள் இல்லயெண்டு சொல்ல வெச்சன்.”

“பரவாயில்ல ஹமீட் காக்கா,” என்றான் உதயரூபன். மன்னிப்பு வழங்கும் உத்தியோகம் தனக்கு எப்போது கிடைத்தது என்று அவனுக்கே விளங்கவில்லை.

உள்ளே, ஒப்பாரி வைத்த பெண்கள் தேத்தண்ணி குடிக்கும் இடைவேளை. மாமி சீதேவி மட்டும் தலைமாட்டில் இருந்தாள். அவன் பக்கத்தில் குந்தினான்.

“மாமி, கடுதாசி வந்திரிக்கு. நம்மட பூச்சிக்கு நோய் இல்லையாம்.”

சீதேவி திரும்பாமல், மாமாவின் வேட்டி மடிப்பை நீவிவிட்டாள்.

“தெரியும்.”

“ஆர் சொன்ன?”

“அவர்தான். நீங்க வெள்ளக்காரரக் கூட்டி வாறத்துக்கு முதல் நாளே திறந்து பாத்தவர். நீங்க படிப்பிச்ச மாதிரி புழுவுக்குள்ள நெருப்புக்குச்சிய விட்டு இழுத்தாராம். நோயெண்டா பலாப்பால் மாதிரி நூல் வருமாமே? ஒண்டும் வரல்ல. பசியில செத்திரிக்கு எண்டு சீனியும் காய்ச்சி வெச்ச.”

“மறுகா ஏன் மாமி பேசாம இரிந்தவர்?”

“நானும் அதத்தான் கேட்ட. ‘அவ்வளவு பேருக்கு முன்னுக்கு மருமகன எப்பிடிப் பிழையெண்டு சொல்ற? அந்த மனிசன் தலைய நிமித்தி நடக்க வேணாமா? நம்மட மகள் தனுஷியாவும் அவரோடதானே நடக்கணும்’ எண்டார்.” அவள் இப்போதுதான் அவனைப் பார்த்தாள். “நீங்களும் பேசாம இரிங்க தம்பி. அவர் மறச்சதக் கெடுத்துப் போடாதீங்க.”

வெளியே ஒலிபெருக்கி அவனுடைய பெயரைக் கூப்பிட்டது. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் யோகராசா நாற்பது நிமிடமாக இரங்கல் உரை ஆற்றியதில், கனகசிங்கம் பிறந்து இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. சங்கம் கட்டிய மூன்று கட்டடங்கள் வந்துபோயிருந்தன. “அடுத்ததாக, தேனீ நோயொழிப்பு வல்லுநர், அன்னாரின் அன்பு மருமகன்...”

உதயரூபன் ஒலிவாங்கியை வாங்கினான். எழுதி வந்த உரை கையில் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

“மாமாட பூச்சிக்கு நோய் இரிக்கல்ல. நான்தான் சோதிச்சிப் பாக்காம எரிச்ச. அவருக்கு அது தெரியும். என்ட மானத்துக்காகப் பேசாம இரிந்தவர்.”

யோகராசா தோளைத் தொட்டு, மெதுவாக ஒலிவாங்கியைத் திருப்பி எடுத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“பாத்தீங்களா சனங்களே! செத்த மாமனுக்கு ஒரு சொல் வரக்கூடாதெண்டு, பழிய எடுத்துத் தன்ட தலையில போடுறார். இப்பிடி ஒரு மருமகன் ஆருக்குக் கிடைக்கும்?”

“தலைவர், உண்மையத்தான் சொல்றன். இந்தா, கடுதாசி இரிக்கு.”

யோகராசா வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம். மரியாதையோடு நாலாக மடித்து, உதயரூபனுடைய சட்டைப்பையிலேயே வைத்துத் தட்டிவிட்டார். “அடக்கம்! படிச்ச ஆக்களுக்குத்தான் இது வரும்.”

தேத்தண்ணி முடித்த பெண்கள் மறுபடி தொடங்கினார்கள். மருமகனின் குணம் ஒப்பாரியில் ஏறியது. பெற்ற மகனும் இப்படிச் செய்வானா என்று ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஹமீட் மட்டும் தலையைக் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சீதேவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். தன் சால்வையால் கதிரையை இருமுறை துடைத்து, அவன் பக்கம் தள்ளினார்.

“இதில இரிங்க மனே.”

வேண்டாமென்று உதயரூபன் கையைக் காட்டினான். அதையும் அடக்கம் என்று கண்ட இன்னும் இருவர் எழுந்து நின்றார்கள்.

அவன் இருந்தான். கதிரையில் கிழவரின் உடற்சூடு இன்னும் இருந்தது.