ஆயாக் கொட்டகையில் மாலைப் பெரட்டு

ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்து முடித்ததும், மலாயாவில் டுரியான் துங்கால் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஆண்களின் கால்கள் தாமாகவே கள்ளுக்கடைப் பக்கம் திரும்பும். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாமிக்கண்ணு மட்டும் அன்று கழுவிய வாளியையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். மரங்களுக்குள்ளிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"டேய் சாமிக்கண்ணு, நேரமாச்சு, வாடா."

அது பெரியதம்பியின் குரல். பெரியதம்பி செத்து, போன தைப்பூசத்தோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே மங்குக் கோப்பையில் கள் குடித்தவர்கள். ஒரு மாலை கடையிலிருந்து திரும்பும் வழியில் பெரியதம்பி சேற்றுப் பள்ளத்தில் குப்புற விழுந்து மூச்சடைத்துச் செத்தான். பக்கத்திலேயே போதையில் கிடந்த சாமிக்கண்ணுவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் குரலில் ஒரு சூது இருந்தது. குடித்த நாளில் அது வாயைத் திறக்காது. குடிக்காத நாளில்தான் கூப்பிடும். போன வாரம் ஒருநாள் பிடிவாதமாகக் கடைக்குப் போகாமல் இருந்தான். நினைவு வந்தபோது அதே பள்ளத்தில் இடுப்பளவு சேற்றில் நின்றிருந்தான். எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. குடித்தால் கள் கொல்லும், குடிக்காவிட்டால் குரல் கொல்லும் என்று ஆகிவிட்டது அவன் பிழைப்பு. அவன் மனைவி முத்தாயி அழக்கூட இல்லை. அவன் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிவிட்டபடி, "தனியா மட்டும் இருக்காதீங்க. கள்ள விட்டவங்க எங்க கூடுறாங்களோ அங்க போங்க" என்றாள்.

நல்ல யோசனைதான். ஆனால் எங்கே போவது? மலாக்கா டவுனில் ஒரு மதுவிலக்குச் சங்கம் கூடுவதாகக் கேள்விப்பட்டு முதலில் அங்கே போனான். கோட்டுப் போட்ட ஆபீஸ் கிராணிமார்கள் குடியின் தீமையைச் செந்தமிழில் முழங்கினார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கள்ளை மோந்து பார்த்தவராகத் தெரியவில்லை. குரலைப் பற்றிச் சொன்னதும் மூடநம்பிக்கை என்று சிரித்தார்கள். சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். இவன் சத்தியம் விடியும்வரைகூடத் தாங்கவில்லை.

பிறகு முனியாண்டி கோயிலில் குடியை விடுகிறவர்கள் கூடி விரதம் எடுக்கிறார்கள் என்று கேட்டு ஓடினான். பூசாரி கையில் கயிறு கட்டினார். பூசை முடிந்ததும், சாமிக்குப் படைத்ததை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். முனியாண்டிக்குப் படையல் சுருட்டும் கள்ளும் அல்லவா? வேண்டாம் என்றால் சாமி குற்றமாகிவிடும். பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான்.

அடுத்த இடத்தை முத்தாயியே விசாரித்து வந்தாள். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை மாலையில் காலியாகிவிடும். கள்ளுக்கடை திறந்திருக்கும் அதே நேரத்தில் அங்கே சிலர் கூடுகிறார்களாம். இன்று அங்கே போவதாக அவளிடம் ஒப்புக்கொண்டிருந்தான். அந்தப் பயத்தில்தான் வாளி கழுவி மாளவில்லை.

குரல் பின்னாலேயே வர, ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தான். கொட்டகையில் காலித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. காற்றே இல்லை, ஆனாலும் ஒரு தொட்டில் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதனருகே புல்வெட்டும் பெரியநாயகி நின்றாள். ஒரு காலத்தில் அவள்தான் அங்கே ஆயா. கள் மயக்கத்தில் அவள் தூங்கிப்போன ஒரு பகலில், வள்ளி என்ற குழந்தை தவழ்ந்துபோய்க் கால்வாயில் விழுந்து செத்தது.

விடியற்காலைப் பெரட்டில் கங்காணி வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது போல அவள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். வந்திருந்தவர்கள் "இருக்கேன்" என்றார்கள். சாமிக்கண்ணுவும் சொன்னான். அதன்பின் கள் பலிகொண்டவர்களின் பெயர்கள் வந்தன. செத்தவருக்கு நெருங்கியவர் முதலில் "இல்ல" என்று சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள். வள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பெரியநாயகியே "இல்ல" என்றாள். ஆடிய தொட்டில் நின்றது.

"பெரியதம்பி."

"இருக்கேன்டா" என்றது குரல், பலகைச் சுவருக்கு வெளியிலிருந்து.

சாமிக்கண்ணுதான் முதலில் "இல்ல" என்று சொல்ல வேண்டும். ஒரு வருடமாக அவன் வாயில் வராத சொல் அது. சொன்னால் கூட்டாளியைத் தன் கையாலேயே புதைப்பது போல. எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துப் பொறுமையாக நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை.

"இல்ல" என்றான் கடைசியில். "பெரியதம்பி செத்துட்டான். நான் பக்கத்துலயே கெடந்தேன். கை குடுத்துத் தூக்கல." சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதான். மற்றவர்கள் அடங்கிய குரலில் "இல்ல" என்றார்கள். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

கடை மூடிய பிறகு எல்லாரும் சேர்ந்தே லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். பள்ளத்தை நெருங்கும்போது மறுபடியும் அவன் பெயர் எங்கோ தூரத்தில் கேட்டது. சாமிக்கண்ணு நின்றுவிட்டான்.

"கேக்குதா தம்பி?" என்றாள் பெரியநாயகி. அவன் தலையாட்டினான். "நாளைக்கும் கேக்கும். எனக்கு இன்னும் அந்தப் புள்ள அழுவுறது கேக்குது. குடிக்கிறப்ப கூட்டாளி இல்லாமயா குடிச்சோம்? விடறதுக்கும் கூட்டாளி வேணும். நான் ஒருத்தனாவே விட்டுருவேன்னு போறவனத்தான் கள்ளு திரும்பக் கூட்டிக்கிட்டுப் போவுது" என்று சொல்லி, பள்ளத்துக்கும் அவனுக்கும் நடுவில் வந்து அவனோடு நடந்தாள்.