காரணக் கட்டம்

திரையில் இருபத்தாறு புள்ளிகள் ஒரே வரிசையில் நிற்க, ஒன்று மட்டும் கோட்டுக்குக் கீழே விழுந்து கிடந்தது. தேதியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரருடைய கடைசி ஷிஃப்ட்.

எங்கள் இருவரின் பிழைப்பும் இந்த ஆய்வகம்தான். உறைகுளிரில் வைத்த புரோட்டான்களின் சுழற்சியை ஒரு பக்கமாகத் திருப்பி, எலெக்ட்ரான் கற்றையால் அடித்து, தெறிப்பதை எண்ணுவோம். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி மறுபடி எண்ணுவோம். அந்த வித்தியாசத்தில்தான், உள்ளே இருக்கும் குவார்க்குகள் சுழற்சியில் எவ்வளவு சுமக்கின்றன என்று தெரியும். மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. "இத்தனூண்டு இருந்துக்கிட்டு, மீதி எங்கடான்னா கைய விரிக்குது பாரு," என்பார் புரோட்டானைக் காட்டி. பதினாறு வருடமாக அதே ஜோக். பதினாறு வருடமும் சிரித்துத் தொலைத்தேன்.

திருப்பியதும் பதிவேட்டில் 'மேல்' அல்லது 'கீழ்' என்று கையால் எழுத வேண்டும். அன்று காலை பத்து இருபதுக்கு அவர் திருப்பியது கீழே என்று கருவி காட்டுகிறது. எழுதியிருப்பது மேல். அதனால்தான் புள்ளி கவிழ்ந்து கிடக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்கிற மனுஷன்.

பத்து நாற்பதுக்கு எனக்குப் போன் செய்தார்.

"தலை ஒரு மாதிரி பாரமா இருக்கும்மா. கெளம்பி வந்துடவா?"

"ஷிஃப்டுன்னாலே உங்களுக்குத் தலைவலி வந்துடுமே! முடிச்சிட்டு வாங்க, பாத்துக்கலாம்."

மதியம் இரண்டு மணிக்கு விழுந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. "திடீர்னு ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. முன்னாடியே தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லம்மா," என்றார் டாக்டர். போன் வந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. 'வாய்ப்பே இல்ல' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று மாதம் ஓட்டினேன். இப்போது பத்து இருபதுக்கே, எனக்குப் போன் செய்வதற்கு முன்பே, தடுமாறியிருக்கிறார் என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. பாவி நான், உடனே கெளம்பி வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

குழுத்தலைவர் பின்னால் வந்து நின்றார். "நல்லவேளை, கண்ணுல பட்டுச்சு. அடிச்சுத் திருத்திட்டு காரணத்த எழுதிடுங்கம்மா. இல்லன்னா ரிசல்ட்ட ஏத்துக்க மாட்டாங்க." என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

கணினியில் குறியை மாற்றினேன். புள்ளி மேலே ஏறி மற்றவற்றோடு நின்றுகொண்டது, ஒன்றுமே நடக்காததுபோல. பதிவேட்டில் அவருடைய 'மேல்' மீது கோடு போட்டேன். காரணக் கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். யாருடையது என்று அந்தக் கட்டம் கேட்கவில்லை.

மை காயும்வரை அதை உள்ளங்கையால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.