இடது கையால் ஒரு பக்கம்

முற்றுகை தொடங்கி எழுபது நாளாகியும் அந்தக் கடற்படை லெப்டினன்ட் கடலில் இறங்கவில்லை. எதிரிக் கப்பல்கள் உள்ளே நுழையாமலிருக்க, அவருடைய கப்பலையே துறைமுக வாயிலில் மூழ்கடித்துவிட்டார்கள். அதிலிருந்து கழற்றிய பீரங்கிகளோடு அவரும் குன்றேறி, மண்மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். போன வாரம் விழுந்த குண்டில் வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

மதியம் ஒரு படகு தபாலோடு வெளியே நழுவப்போகிறது, ஆளுக்கு ஒரு தாள் என்றார்கள். இடது கையால் கோழி கிளறியதுபோல் எழுதி முடித்துத் தணிக்கை அறைக்கு ஓடினார். மாவுக் கிடங்கின் மூலையில் ஒரு மேசை. அதன் பின்னால் தணிக்கை அதிகாரி. படையில் அவருக்குப் பெயர் 'கத்தரி'.

கத்தரி சிவப்புப் பென்சிலை எடுத்தார். கப்பல் மூழ்கியது போயிற்று. குன்று போயிற்று. ரொட்டி பாதியானதும் போயிற்று. கடைசியில் விரல் போன வரியையும் அடித்தார்.

"சார், விரல் என்னோடது. அதுல என்ன ராணுவ ரகசியம்?"

"காயம் பட்ட விவரம் வெளியே போகக்கூடாது. உத்தரவு. 'நலம்'னு போட்டுக்கோங்க. ஆனா இந்தக் கையெழுத்தே காட்டிக்கொடுத்துடுமே. எழுத்தர்கிட்ட சொல்லி எழுத வைங்க."

லெப்டினன்டுக்குச் சுர்ரென்று ஏறியது. "வேற ஆள் எழுதின கடுதாசி போச்சுன்னா, நான் செத்துட்டேன்னு என் வீட்டுக்காரி ஊரையே கூட்டிடுவா. அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்களைக் கொல்ல எதிரி எதுக்கு? நீங்களே போதும்!"

கீழே படகின் விசில் கேட்டது. கத்தரி புதுத் தாள் ஒன்றை நீட்டினார்.

"சீக்கிரம். உங்க கையாலேயே எழுதுங்க. நான் பார்க்கலை."

படகு கிளம்பும் அவசரத்தில் லெப்டினன்ட் மூன்றே வரி கிறுக்கினார். 'நலம். அம்மாவுக்கு மருந்தை நிறுத்தாதே. பிள்ளைகளை அடிக்காதே.' அவ்வளவுதான். முத்திரை விழுந்தது.

மூன்று வாரம் கழித்து அதே படகு பதிலோடு வந்தது.

'நலம்னு பொய் எழுதியிருக்கீங்க. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? வலது கைக்கு என்ன ஆச்சு? இருக்கா, இல்லையா? அத்தை கேக்குறாங்க, நான் என்னத்தைச் சொல்றது? உண்மையை எழுதுங்க. இல்லேன்னா கடுதாசியே வேண்டாம்.'

அவர் நேரே போய் அதைக் கத்தரியின் மேசையில் வீசினார். "இதுக்கு நீங்களே பதில் எழுதுங்க!"

கத்தரி இரண்டு முறை படித்தார். காதைச் சொறிந்தார். பிறகு பென்சிலை மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"ரெண்டு விரல்னு எழுதிக்கோங்க. ஆனா எந்த இடத்துலன்னு மட்டும் எழுதாதீங்க."

"கையிலதான், சார்! விரல் வேற எங்க இருக்கும்?"

கத்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். லெப்டினன்ட் பல்லைக் கடித்தபடி ஒரு மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, இடது கையால் எழுத ஆரம்பித்தார்.